வைக்கிறா, வைக்கிறாவாம்

“ஆடி மாதம், செவ்வாய்க்கிழமை. மு.ப. 10.07. வானம் தெளிவு. கச்சான் காற்று. நேரலையில் அந்நபர் கூறியது: ‘பச்சிளம் குழந்தைகளுக்கென வழங்கப்படும் சத்துமாவினை இவர் மாடுகளுக்கு உணவாக அளிக்கின்றார்.’”

இது என் நாட்குறிப்பில் உள்ள பதிவு. கறுப்பு மையில், ஓரம் விட்டு, எழுத்துப் பிழை இல்லாமல் எழுதியிருக்கிறேன். நேரம் சரி. காற்றும் சரி. மேற்கோள் குறிக்குள் இருக்கும் வசனத்தை மட்டும் திருகோணமலை மாவட்டத்தில் யாரும் எப்போதும் சொன்னதில்லை. அது நான் செய்த வசனம்.

வசனம் என் தங்கையைப் பற்றியது. அவள் மருத்துவமாது. நகரத்துக்கு வடக்கே கரையோரத்தில் உள்ள ஒரு கிராமத்தில் பத்தொன்பது வருடம் வேலை பார்த்தாள். அங்கே ‘மிஸ்ஸி’ என்றால் அவள்தான். கர்ப்பிணிகளின் வீடுகளுக்குப் போவாள். பிறந்த பிள்ளைகளைத் தராசில் போட்டு நிறை பார்ப்பாள். மாதத்தில் ஒருநாள் கிளினிக் வைத்து, நிறை குறைந்த பிள்ளைகளின் தாய்மாருக்கு அரசாங்கம் தரும் சத்துமா பைக்கற்றுகளைக் கொடுப்பாள். அந்த வருடம் மார்கழியோடு அவளுக்கு ஓய்வு. அலுவலகத்தில் தன் பெயருக்கு இருக்கும் கோவையில் ஒரு கறுப்புப் புள்ளியும் இல்லாமல் வீட்டுக்கு வந்துவிட வேண்டும் என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தாள். வேறு பெரிய ஆசைகள் அவளுக்கு இருந்ததாக எனக்குத் தெரியாது.

மாவு கடைக்குப் போய்விடக் கூடாது என்பதற்காக அவள் ஒரு முறை வைத்திருந்தாள். போன மாதத்து வெறும் பைக்கற்றைத் திருப்பிக் கொண்டுவரும் தாய்க்குத்தான் புதிய பைக்கற். திரும்பிவந்த வெறும் பைக்கற்றுகள் அவளுடைய குவாட்டர்ஸின் பின்பக்கத்தில் ஒரு உரச் சாக்கில் சேரும். வருட முடிவில் எண்ணி ஒப்படைப்பாள். பக்கத்து வளவில் ஒரு மாடு நின்றது. பைக்கற்றின் மூலைகளில் ஒட்டியிருக்கும் மாவின் மணம் அதற்குப் பிடித்துவிட்டது. கிளுவை வேலியைத் தள்ளிக்கொண்டு வந்து சாக்கைச் சரித்து நக்கும். தங்கை துரத்துவாள். மறுநாளும் வரும். நடந்தது இவ்வளவுதான்.

நேரலை செய்தவரைப் பற்றியும் நியாயமாகச் சொல்ல வேண்டும். அவர் ஒரு ஓட்டோக்காரர். ஓட்டோவின் முன் கண்ணாடிக்குப் பக்கத்தில் தொலைபேசியைப் பூட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போவார். குழாயில் தண்ணீர் வராத இடம், வைத்தியர் வராத இடம், பாலம் உடைந்த இடம் என்று எங்கே குறை இருந்தாலும் “வணக்கம் உறவுகளே” என்று தொடங்கிவிடுவார். பல வருடமாக உடைந்து கிடந்த ஒரு மதகை அவருடைய லைவ் வந்த இரண்டாவது கிழமை திருத்தினார்கள். அதை நானே என் நாட்குறிப்பில் பாராட்டி எழுதியிருக்கிறேன். அந்தப் பக்கத்தை இப்போதும் கிழிக்கவில்லை.

அன்று காலை நான் முன் அறையில் பழைய கப்பல் பதிவுகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மனைவி குசினியிலிருந்து கூப்பிட்டாள்.

“இஞ்ச ஓடி வாங்கோ. மச்சாளின்ர வேலி லைவ்ல தெரியுது.”

“எந்த வேலி?”

“எந்த வேலியோ? கிளுவை வேலி. மாடும் நிக்குது. வாயில பைக்கற்.”

போய்ப் பார்த்தேன். உண்மையாகவே மாட்டின் வாயில் பைக்கற் இருந்தது. அது மூக்கில் மாட்டிக்கொண்டு விழாமல் நின்றது. ஓட்டோக்காரர் வேலிக்கு வெளியே நின்று, தொலைபேசியை மாட்டின் பக்கமும் தன் முகத்தின் பக்கமும் மாற்றி மாற்றித் திருப்பிக்கொண்டிருந்தார். தங்கை அப்போது ஒரு பிரசவித்த பெண்ணின் வீட்டில் இருந்தாள். வீட்டில் யாரும் இல்லை என்பது அவருக்கு வசதியாகவே இருந்திருக்கும்.

நேரலையை எப்படிப் பதிவுசெய்து வைப்பது என்று எனக்கோ மனைவிக்கோ அன்று தெரியாது. எனக்குத் தெரிந்தது எழுதுவதுதான். நாட்காட்டியில் கிழித்துச் சேர்த்திருந்த தாள்களை எடுத்து, பின்பக்கத்தில் பென்சிலால் எழுதத் தொடங்கினேன். இடப்பக்கம் நேரம், வலப்பக்கம் பேச்சு. அவர் கதைத்தபடியே, ‘எண்டு’, ‘கிண்டு’ எல்லாம் அப்படியே. கீழே ஓடிய கருத்துகளையும் முடிந்தவரை எழுதினேன். சிலர் சிரிப்புப் படம் போட்டார்கள். ஒருவர் “மிஸ்ஸி நல்லவ, பொய் சொல்லாதே” என்று எழுதினார். இன்னொருவர், வெளிநாட்டில் இருப்பவர் போல, “முழுக்க ரெக்கோட் பண்ணிப்போட்டன்” என்று எழுதினார். அவருடைய கணக்கின் பெயரையும் எழுதினேன். நேரலை முடியும்போது ஏழு தாள்கள் நிறைந்திருந்தன.

இனி என் பிழை.

நான் துறைமுகத்தில் கப்பல்களின் வரவையும் போக்கையும் பதியும் வேலையில் முப்பத்தொரு வருடம் இருந்தவன். லொக் புத்தகத்துக்கு ஒரு சட்டம் உண்டு. கண்டதைக் கண்ட நேரத்தில் எழுது. பிழைத்தால் ஒற்றைக் கோடு போட்டு வெட்டி, பக்கத்தில் கையொப்பம் வை. அழிக்காதே. தாளைக் கிழிக்காதே. பிறகு அழகாக எழுதலாம் என்று நினைக்காதே. இதைப் புதிதாக வேலைக்கு வந்த எத்தனையோ பேருக்கு நானே சொல்லிக் கொடுத்திருக்கிறேன்.

அன்று பின்னேரம் மேசையில் இருந்து அந்த ஏழு தாள்களையும் சுத்தப்பிரதி எடுத்தேன், முக்கியமான வசனத்தை நாட்குறிப்பிலும் பதிந்தேன். பொலிசுக்கோ, மேலிடத்துக்கோ கொடுக்க வேண்டி வரும் என்பது தெரிந்திருந்தது. அரசாங்கத்துக்கு எழுதும் எழுத்தில் ‘மாட்டுக்கு வைக்கிறா’ என்று எழுதுவதா? எங்கள் வீட்டில் மனு என்றால் ‘தாழ்மையுடன் அறியத்தருவது’ என்று தொடங்கும். வாசித்த புத்தகங்களும் சேர்ந்து கெடுத்தன. அவருடைய அரைகுறை வசனங்களை முடித்து வைத்தேன். எழுவாய் இல்லாத இடத்தில் எழுவாய் போட்டேன். ‘மாவு’ சத்துமாவினையாக ஆனது. ‘பிள்ளையள்’ பச்சிளம் குழந்தைகளாக ஆனார்கள். கருத்துகளைப் பற்றி, “பார்வையாளர் பலர் தத்தம் கருத்தினைத் தெரிவித்தனர்” என்று ஒரே வரியில் முடித்தேன். பதிவுசெய்ததாகச் சொன்னவருடைய பெயர் அந்த வரிக்குள் மறைந்துபோனது. வேலை முடிந்ததும் ஏழு தாள்களையும் பழைய கடதாசிக் கூடைக்குள் போட்டேன். மனத்துக்கு நிறைவாகக்கூட இருந்தது.

மறுநாள் காலை மனைவி அந்தத் தாள்களில் கீரைத் தண்டையும் வாழைக்காய்த் தோலையும் சுற்றி வாசலில் வைத்தாள். எங்கள் ஒழுங்கைக்குக் குப்பை அள்ள நகரசபை உழவு இயந்திரம் வருவதற்கு முன், நகரத்துக்குள் திரியும் மான்கள் வந்துவிடும். அன்றும் இரண்டு பெட்டை மான்கள் வந்தன. நான் பல் துலக்கிக்கொண்டே அவை நின்று மெல்லுவதைப் பார்த்தேன். எதை மெல்லுகின்றன என்று யோசிக்கவில்லை.

முதல் பஸ்ஸில் தங்கை வந்து இறங்கினாள். முகம் தெளிவாக இருந்தது.

“அண்ணா, பிரச்சினை முடிஞ்சுது. அழிச்சிட்டான்.”

“எதை?”

“லைவை. ராத்திரியே ஊர்ச் சங்கத் தலைவரைப் பிடிச்சுக் கதைச்சனான். அவர் சொல்ல அவன் உடன அழிச்சிட்டான். இப்ப போய்ப் பார்த்தா ஒண்டும் இல்ல.”

“ஆர் அழிக்கச் சொன்னது?”

“நான்தான். ஏன், வைச்சுக் கும்பிடவோ?”

நான் என் சுத்தப்பிரதியை எடுத்துக் காட்டினேன். அவள் வாசித்துவிட்டு, “நல்ல வடிவா எழுதியிருக்கிறீங்கள். அவனுக்கு இவ்வளவு தமிழ் வராது” என்றாள். அப்போதுதான் எனக்குள் ஏதோ இடித்தது. கூடையைப் போய்ப் பார்த்தேன். வெறுமையாக இருந்தது. வாசலுக்கு ஓடினேன். வாழைக்காய்த் தோல் ஒன்று மட்டும் கிடந்தது. தோலில் ஒட்டிய ஒரு துண்டுத் தாளில் ‘10.1’ என்று இருந்தது. அடுத்த இலக்கம் இல்லை.

மனைவி என் முகத்தைப் பார்த்து விஷயத்தை விளங்கிக்கொண்டாள். “அங்க மாடு திண்டுது, இஞ்ச மான் திண்டுது” என்றாள். பிறகு அதைச் சொன்னதற்காக வருத்தப்பட்டு, இருவருக்கும் தேத்தண்ணி போட்டுத் தந்தாள்.

நேரலை அழிந்தால் பேச்சும் அழிந்துவிடும் என்று தங்கை நினைத்தாள். அப்படி நடக்கவில்லை. பார்த்தவர்கள் பார்க்காதவர்களுக்குச் சொன்னார்கள். பார்க்காதவர்கள் பார்த்தவர்களை விட விரிவாகச் சொன்னார்கள். அடுத்த கிளினிக்கில் ஒரு இளம் தாய், பிள்ளையைத் தராசில் வைத்துக்கொண்டே, “மிஸ்ஸி, மாடு சுகமா இருக்குதோ?” என்று கேட்டாளாம். எல்லாரும் சிரித்தார்கள். “என்னை விட நல்ல நிறை” என்று தங்கையும் சொல்லிச் சிரித்தாள். அதற்கு அடுத்த மாதம் வழக்கமாக வரும் தாய்மாரில் பாதிப் பேர் வரவில்லை. வந்தவர்கள் பைக்கற்றை வாங்கி, அங்கேயே நின்று, ஒட்டு உடைந்திருக்கிறதா என்று திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். அதை என்னிடம் சொன்னபோது அவள் சிரிக்கவில்லை.

பிறகு அவளுடைய மேலதிகாரியிடமிருந்து கடிதம் வந்தது. நேரலை ஒன்றில் தங்கைமீது கூறப்பட்ட குற்றச்சாட்டுகளுக்கு இரண்டு கிழமைக்குள் எழுத்தில் விளக்கம் தரவேண்டும். முறைப்பாட்டின் பிரதி ஒன்று அவளுடைய தனிப்பட்ட கோவையில் சேர்க்கப்பட்டுள்ளது. அந்தக் கடைசி வரியைத் தங்கை விரலால் தொட்டுக் காட்டினாள். “சேர்த்துப்போட்டினம் அண்ணா” என்றாள்.

யார் முறையிட்டார், என்னவென்று முறையிட்டார் என்று கடிதத்தில் இல்லை. என்ன குற்றச்சாட்டு என்பதற்கே ஆதாரம் இல்லை. விளக்கம் எழுத வேண்டுமென்றால் ஓட்டோக்காரர் என்ன சொன்னார் என்று சரியாகத் தெரியவேண்டும். அவர்மீது எதுவும் செய்யவேண்டுமென்றாலும் அதே. நாங்கள் தேடத் தொடங்கினோம்.

கிடைத்தது ஒன்றுதான். தங்கையின் கிளினிக்குக்கு வரும் ஒரு தாய், வெட்கப்பட்டுக்கொண்டு, தன் தொலைபேசியில் யாரோ ஒரு குழுவில் அனுப்பிய துண்டைக் காட்டினார். பதினொரு விநாடி. யாரோ வெட்டி எடுத்து, பின்னால் மேளச் சத்தமும் போட்டிருந்தார்கள். முதலில் மாடு. பிறகு ஓட்டோக்காரரின் குரல்: “பிள்ளையளுக்குக் குடுக்கிற மாவை மிஸ்ஸி மாட்டுக்கு வைக்கிறா…” அதோடு துண்டு முடிகிறது.

நான் அந்தத் துண்டை எத்தனை முறை கேட்டேன் என்று எண்ணவில்லை. வழக்கமாக எண்ணுபவன். ‘றா’ கொஞ்சம் நீளுகிறது போல இருக்கும். அடுத்த முறை கேட்டால் நீளவில்லை போலவும் இருக்கும். மேளம் எல்லாவற்றையும் மூடிவிடுகிறது.

எங்கள் பேச்சில் ‘வைக்கிறா’ என்றால் அவர் வைக்கிறார், நான் சொல்கிறேன். ‘வைக்கிறாவாம்’ என்றால் வைக்கிறார் என்று யாரோ சொல்கிறார்கள், எனக்குத் தெரியாது. இந்த ஒரு அசையை ஒட்டிவிட்டால் இங்கே யாரும் எதையும் சொல்லிவிட்டுப் போகலாம். பழைய உரைகாரர்களும் ‘என்ப’ என்று முடித்து விலகிக்கொள்வார்கள். இந்தத் துறைமுகத்தைப் பற்றிப் பழங்காலத்தில் எழுதியவர்களில் பாதிப்பேர் கேள்விப்பட்டதைத்தான் எழுதியிருக்கிறார்கள். நான் அவர்களைத் திட்டிக்கொண்டே வாசிப்பேன். ஆனால் அவர்கள் ‘என்ப’ என்பதையாவது விடாமல் எழுதினார்கள். நான் அதை ‘அளிக்கின்றார்’ ஆக்கிவிட்டேன்.

நீதிமன்றத்துக்குக் கிட்ட ஒரு பெண் சட்டத்தரணி இருந்தார். தங்கையும் நானும் போனோம். அவர் என் சுத்தப்பிரதியை முழுதும் வாசித்தார். கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

“ஐயா, இது ஆர் கதைச்சது?”

“அவர்தான்.”

“‘பச்சிளம் குழந்தைகளுக்கென வழங்கப்படும்’ எண்டு அந்த ஓட்டோக்காரர் கதைச்சவர்?”

“கருத்து அதுதான்.”

“கருத்து எனக்குத் தேவையில்லை. வாயால வந்தது வேணும். முதல் எழுதின தாள் எங்க?”

நான் தங்கையைப் பார்த்தேன். தங்கை யன்னலைப் பார்த்தாள்.

“மான் திண்டிட்டுது” என்றேன்.

அவர் சிரிக்காமல் இருக்க முயன்றார். ஏலவில்லை. “மன்னிக்கோணும்” என்று சொல்லிவிட்டு, எத்தனையோ பேருக்குச் சொல்லிச் சொல்லித் தேய்ந்த குரலில் சொல்லத் தொடங்கினார். நேரலை ஓடும்போதே முதலிலிருந்து கடைசிவரை திரையோடு பதிவுசெய்ய வேண்டும். பிந்தித் தொடங்கினால் எத்தனை நிமிடம் பிந்தியது என்று எழுத வேண்டும். அந்தப் பக்கத்தின் முகவரியும், போட்டவரின் கணக்கும், நேரமும் திரையில் தெரியவேண்டும். பதிவு இருக்கும் தொலைபேசியை விற்கவோ, அழிக்கவோ, பதிவை வெட்டவோ கூடாது. பார்த்துக்கொண்டிருந்த இன்னொருவரும் அன்றே எழுதி ஒப்பமிட வேண்டும். கருத்துகள் முக்கியம், ஏனென்றால் யார் நம்பினார்கள் என்பது அங்கேதான் தெரியும்.

“எல்லாத்துக்கும் முதல்,” என்று தங்கையின் பக்கம் திரும்பினார், “எடுத்து வைக்க முதல் அழிக்கச் சொல்லி ஆரையும் கெஞ்சக் கூடாது, மிஸ்.”

“மானம் போகுதெண்டு கெஞ்சினனான்” என்றாள் தங்கை.

“விளங்குது. எல்லாரும் அதைத்தான் செய்யினம்.”

நான் ‘ஆம்’ பற்றிக் கேட்டேன். ‘ஆம்’ போட்டதால் மட்டும் ஒருவர் தப்பிவிட ஏலாது என்றார் அவர். வேறொருவர் சொன்னதைத் திருப்பிச் சொன்னாலும் சொன்னதுதான். “ஆனா ஐயா, நீங்கள் சத்தியம் பண்ணி எழுதுற வசனத்தில அது இல்லாமல் இருந்து, நாளைக்கு எங்கயோ முழு வீடியோவில அது இருந்தா, உங்கட மிச்சம் எதையும் ஒருத்தரும் நம்ப மாட்டினம். நேரத்தைக் கூட நம்ப மாட்டினம்.”

நேரத்தைக் கூட. அதுதான் எனக்கு உறைத்தது.

பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் அந்த ஓட்டோக்காரரைச் சந்தித்தேன். சண்டைக்குப் போகவில்லை. அவரும் சண்டைக்கு நிற்கவில்லை. பிளேன்ரீ குடிக்கச் சொல்லி வற்புறுத்தினார்.

“அண்ணை, நான் ‘வைக்கிறாவாம்’ எண்டுதான் சொன்னனான். ஆம் போடாம நான் வாய் திறக்கிறேல்ல. மதகு உடைஞ்சு கிடக்கேக்கயும் ‘உடைஞ்சிருக்காம்’ எண்டுதான் தொடங்கினனான்.”

“உடைஞ்ச மதகுக்கு முன்னால நிண்டுகொண்டோ?”

“ஓம். சட்டம் எங்களுக்கும் தெரியும்தானே.”

“உங்களுக்கு ஆர் சொன்னது, அவ வைக்கிறா எண்டு?”

“சனம்.”

“சனத்தில ஆர்?”

“சனம் அண்ணை.”

“உங்களிட்ட முழு வீடியோ இருக்கோ?”

அவர் உண்மையாகவே ஆச்சரியப்பட்டார். “நீங்கள்தானே அழிக்கச் சொன்னனீங்கள்? உங்களுக்காகத்தானே அழிச்சனான்?”

தேத்தண்ணி சீனி கூடி இருந்தது. குடித்துவிட்டு வந்தேன்.

விளக்கம் கொடுக்க வேண்டிய நாள் நெருங்கியது. தங்கையின் விளக்கத்தோடு என் சத்தியக் கூற்றும் போகவேண்டும். நேரலையைப் பார்த்துக் குறித்தவன் நான் ஒருவன்தான். சமாதான நீதவானிடம் ஒப்பம் வாங்குவதற்கு முதல்நாள் பின்னேரம் தங்கை வந்து எனக்கு எதிரே கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

“அண்ணா, ‘வைக்கிறா’ எண்டே எழுதுங்கோ.”

“எனக்கு அது நிச்சயமில்லை.”

“துண்டில அப்படித்தானே கேக்குது.”

“துண்டு அங்க முடியுது. வசனம் அங்க முடிஞ்சுதோ தெரியாது.”

“ஒரு எழுத்துத்தானே. அவன் ஆம் எண்டு சொன்னா, ‘நான் கேள்விப்பட்டதைத்தான் சொன்னனான், ஊர்தான் சொல்லுது’ எண்டு நிப்பான். பிறகு ஊர் சொன்னதா ஆகிவிடும். ஊர் சொல்லேல்ல அண்ணா. பத்தொன்பது வருஷம் அந்த ஊரில ஒருத்தரும் என்னை ஒரு சொல் சொல்லேல்ல.”

அவள் பயந்தது சட்டத்துக்கு இல்லை. அந்த ஒரு அசை தன்னுடைய தாய்மாரையெல்லாம் தனக்கு எதிரே நிறுத்துகிறது என்றுதான் பயந்தாள்.

“உன்ர மச்சாள் ‘ஆம்’ எண்டு கேட்டதாச் சொல்லுறா” என்றேன்.

“மச்சாள் குழம்பு தாளிச்சுக்கொண்டு கேட்டவ.”

குசினியிலிருந்து, “தாளிச்சாலும் காது கேக்கும்” என்று பதில் வந்தது.

நான் கண்ணை மூடி நினைவில் தேடினேன். இதில் இன்னொரு கொடுமையைக் கண்டேன். அந்தக் காலையை நினைத்தால் வேலி வருகிறது, மாடு வருகிறது, அவருடைய முகம் வருகிறது. அவர் வாயைத் திறந்தால், “அளிக்கின்றார்” என்கிறார். என் சுத்தப்பிரதி என் நினைவையும் சுத்தம் செய்துவிட்டது. அவருடைய குரலில் என் வசனம்தான் கேட்கிறது. இன்றைக்கும் அப்படித்தான்.

“நினைவில்லை” என்றேன்.

“எந்தக் கப்பல் எப்ப வந்ததெண்டு முப்பது வருஷத்து நேரம் ஞாபகம் இருக்கு உங்களுக்கு.”

“அது எழுதினபடி இருக்கு. அதாலதான் ஞாபகம்.”

அவள் எழுந்து போய்க் குசினியில் மனைவியோடு நின்றாள். பிறகு ஊருக்குப் போகும்போது என்னிடம் சொல்லிக்கொண்டுதான் போனாள். எங்கள் வீட்டில் சொல்லாமல் யாரும் போவதில்லை. ஆனால் ‘அண்ணா’ என்பதை விட்டுவிட்டு, “அப்ப போயிட்டு வாறன்” என்று மட்டும் சொன்னாள்.

மறுநாள் என் கூற்றில் இப்படி எழுதினேன்: அவர் பேசியதை அன்றே பென்சிலால் எழுதினேன். அந்தத் தாள்கள் என் கவனக்குறைவால் அழிந்தன. சுத்தப்பிரதியில் உள்ள வசனங்கள் என்னுடையவை, கருத்து அவருடையது. ‘வைக்கிறா’ என்பதற்குப் பின் ‘ஆம்’ வந்ததா என்று என்னால் சொல்ல முடியாது. சமாதான நீதவான் வாசித்துவிட்டு, “இப்படி எழுதினா உங்களுக்கு நட்டம்தானே” என்றார். ஓம் என்றேன். முத்திரை குத்தித் தந்தார்.

சட்டத்தரணி ஓட்டோக்காரருக்கு ஒரு கடிதம் அனுப்பினார். தங்கைக்கு வேறு எதுவும் வேண்டாம். அதே வேலிக்கு முன்னால் நின்று, அதே மாதிரி நேரலையில், தான் சொன்னது பிழை என்று அவர் சொன்னால் போதும். அவர் மறுக்கவில்லை. ஒரு சனிக்கிழமை காலை வருவதாக ஒப்புக்கொண்டார்.

அந்தச் சனிக்கிழமை நான் எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்தேன். மனைவியின் தொலைபேசியில் ஒரு பதிவு, என்னுடையதில் ஒரு பதிவு, நகரத்தில் போட்டோ கொப்பிக் கடை வைத்திருக்கும் நண்பரின் கணினியில் ஒரு பதிவு. மூன்றும் தொடங்கிய நேரத்தை எழுதினேன். பக்கத்தின் முகவரி தெரிந்தது. ஒரு விநாடியும் தவறவில்லை. ஓட்டோக்காரர் வேலிக்கு முன்னால் வந்து நின்றார். சட்டைப் பொத்தானைப் போட்டார். மாடும் வந்து நின்றது.

“வணக்கம் உறவுகளே. போன முறை நான் போட்ட லைவில ஒரு பிழை நடந்திருக்காம். மிஸ்ஸி மாட்டுக்கு மாவு வைக்கேல்லையாம். வெறும் பைக்கற்றை மாடு தானா வந்து நக்கினதாம். மிஸ்ஸியின்ர மனம் நொந்து போச்சுதாம். அதுக்காக மன்னிப்புக் கேக்கிறன்.”

நான்கு ‘ஆம்’. ‘கேக்கிறன்’ ஒன்று மட்டும் அவருடையது.

கீழே சிரிப்புப் படங்கள் ஓடின. “மன்னிப்பாம்” என்று ஒருவர் எழுதினார். இந்த முறை எல்லாக் கருத்துகளையும் எழுதினேன், எழுதியவர்களின் கணக்குப் பெயரோடு. முழுக்கப் பதிவுசெய்ததாகச் சொன்ன வெளிநாட்டுக்காரரின் பெயர் கண்ணில் பட்டால் நினைவுக்கு வரும் என்று நம்பினேன். எந்தப் பெயரும் எனக்கு எதையும் நினைவூட்டவில்லை.

தங்கை அந்த நேரலையைப் பார்க்கவில்லை. நான் மூன்று பதிவுகளையும் பத்திரப்படுத்திய விதத்தைத் தொலைபேசியில் விளக்கிச் சொன்னேன். கடைசிவரை கேட்டாள்.

“அப்ப அவன் மன்னிப்புக் கேட்டது நல்லாப் பதிவாகியிருக்கு” என்றாள்.

“ஓம்.”

“என்னைப் பேசினதுதான் இல்ல.”

“ஓம்.”

ஐப்பசியில் மேலிடத்துக் கடிதம் வந்தது. இரண்டு வரி. முறைப்பாடு நிரூபிக்கப்படவில்லை, விசாரணை முடிவுறுத்தப்படுகிறது. ‘பொய்யானது’ என்று எழுதியிருக்கலாம். தெளிவான சாட்சி இல்லாததால் அப்படி எழுத இயலவில்லை என்று அலுவலகத்தில் ஒருவர் தங்கையிடம் சொன்னாராம். அந்தச் சாட்சி நான். முறைப்பாட்டின் பிரதியும், இந்த இரண்டு வரியும், என் கூற்றும் அவளுடைய கோவையில் ஒன்றன்பின் ஒன்றாகக் கோர்க்கப்பட்டிருக்கின்றன. அடுத்து அந்தக் கோவையைத் திறப்பவர் முதலில் மாட்டைத்தான் வாசிப்பார்.

மார்கழியில் அவள் ஓய்வு பெற்றாள். பிரியாவிடைக்குத் தாய்மார் நிறையப் பேர் வந்தார்கள். வராமல் விட்டவர்களும் வந்தார்கள். கேக் வெட்டினார்கள். யாரும் மாட்டைப் பற்றிக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று பிறகு என்னிடம் சொன்னாள். கேட்கிறவர்கள் நம்பாதவர்கள் என்பது அவளுடைய கணிப்பு. உரச் சாக்கிலிருந்த வெறும் பைக்கற்றுகளை வருட முடிவில் எண்ணி ஒப்படைத்துவிட்டுத்தான் வந்தாள். எண்ணிக்கை சரியாக இருந்தது. மாடு மூலை நக்கிய பைக்கற்றுகளும் சேர்த்து.

இப்போது அவள் எங்கள் வீட்டிலிருந்து நடக்கும் தூரத்தில் இருக்கிறாள். ஞாயிறுகளில் வருகிறாள். ‘அண்ணா’ திரும்பி வந்துவிட்டது. எந்த ஞாயிறு என்று குறித்து வைத்திருக்கிறேன். நேரலைகளை அவள் பார்ப்பதில்லை. நான் பார்க்கிறேன். யாரையாவது பற்றி யாராவது ஏதாவது சொல்லத் தொடங்கினால் கை தானாகப் பதிவை அழுத்துகிறது. அறியாத மனிதர்களைப் பற்றிய எத்தனையோ பேச்சு என் தொலைபேசியில் நிறைந்து கிடக்கிறது. யாரும் வந்து கேட்கவில்லை. அழிக்கவும் மனம் வரவில்லை.

போன கிழமை அந்த ஆடிச் செவ்வாயின் பக்கத்தைத் திறந்து, துறைமுகத்துச் சட்டப்படி செய்ய வேண்டியதைச் செய்தேன். மேற்கோள் குறிக்குள் இருந்த வசனத்தை ஒற்றைக் கோட்டால் வெட்டி, கையொப்பமிட்டு, ஓரத்தில் எழுதினேன்:

“கேட்டது: ‘பிள்ளையளுக்குக் குடுக்கிற மாவை மிஸ்ஸி மாட்டுக்கு வைக்கிறா’. இதற்குப் பின் ‘ஆம்’ வந்ததா என்பது உறுதிப்படுத்தப்படவில்லை. முழுப் பதிவு ஒருவரிடம் இருப்பதாக அன்று ஒரு கருத்து வந்தது. அவர் யார் என்பதும், பதிவு இருக்கிறதா என்பதும் உறுதிப்படுத்தப்படவில்லை.”